டெக்கீலா, மெஸ்கால், என் மகனின் சட்டை

சனிக்கிழமை மாலை நான்கு பத்துக்குப் பரிசோதனைக் கூடத்தின் மர அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டு காலியாக இருந்தது. காலையில் அங்கே ஒரே மாதிரியான நான்கு பழுப்புப் பாட்டில்கள் நின்றிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருந்தது. எந்த நிறத்துக்கு எது என்று தெரிந்த ஒரே மனிதர் அன்று மறையூரில் இருந்தார். நான்கில் ஒன்று விஷம்.

பூட்டை யாரும் உடைத்திருக்கவில்லை. அலுவலகச் சாவிக்கொத்தில் இருந்த மாற்றுச் சாவியால் திறந்து, எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

போன மாதம் நான் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விருந்தில் இலை எடுத்த பிறகு, புதிதாகச் சேர்ந்த கெமிஸ்ட் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏனுங்க சார், டெக்கீலாங்கறாங்க, மெஸ்கால்ங்கறாங்க. ரெண்டும் கத்தாழைச் சாராயந்தானுங்களே? பேருதானுங்களே வேற?" என்று கேட்டார். சுற்றியிருந்த பழைய ஆட்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கேட்டதில் தப்பில்லை, அவருக்கு எதுவும் தெரியாது. நான் தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து போய்விட்டேன். பிறகு எங்கள் ஆலை மன்றத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அவரே வீடு தேடி வந்தார். அவர் கேட்ட கேள்விக்கே பதில் எழுதுகிறேன். வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லப் புகுந்தால் அந்த அலமாரியின் முன்னால் வந்து நிற்காமல் சொல்ல முடியாது.

என் ஆரம்ப வருடங்களில் விசேஷமாக ஒன்றுமில்லை. கோயம்புத்தூரில் வேதியியல் படித்தேன். கடலைக்காட்டையும் தென்னையையும் பார்த்துக்கொண்டு கிட என்று அப்பா சொன்னதைக் கேட்காமல், எல்லையைத் தாண்டி வாளையாரில் இருந்த சாராய ஆலையில் சேர்ந்தேன். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு டேங்கர் லாரியில் வரும். அதைப் புளிக்கவைப்பார்கள், காய்ச்சுவார்கள். நான் ஒரு கண்ணாடிக் குழலில் மிதவையை விட்டுச் சாராயத்தின் வீரியம் பார்ப்பேன். பல வருடம் இதே வேலைதான். அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூரில் மதுவிலக்கு, வாளையாரில் இந்தப் பக்கம் கடை. இந்த ஊரில் குடியைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது, அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தவர்களும் கிடையாது. குறுப்பு சார் தலைமை கெமிஸ்டாக வந்த பிறகுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

குறுப்பு சார் ஒற்றைப்பாலத்துப் பக்கம். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். சத்தம் போட மாட்டார், பாராட்டவும் மாட்டார். யாராவது ஒரு சாம்பிளை மூக்கருகே கொண்டுபோய் உறிஞ்சினால் அவருக்குப் பிடிக்காது. "எடோ, அது மூக்குப்பொடியா?" என்பார்.

அவருடைய முறை இது. இரண்டு சொட்டு மட்டும் உள்ளங்கையில் விட வேண்டும். மறு கையால் மூடி, அவசரமில்லாமல் தேய்க்க வேண்டும். கை சில்லென்று ஆகும். அது சாராயம் பறந்துபோகிற குளிர்ச்சி. அப்போது மோந்து பார்க்கக் கூடாது. கை மறுபடி சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். சாராயம் போன பிறகு உள்ளங்கையில் எது தங்குகிறதோ அதுதான் அந்தச் சரக்கின் சுயரூபம். அதற்கும் முன்னால், முகத்தைத் திருப்பித் தன் முழங்கையின் உட்பக்கத்தை ஒரு தடவை மோந்துகொள்ள வேண்டும். நம்முடைய சொந்த வாசனை, சிலேட்டைத் துடைப்பதுபோல மூக்கைத் துடைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்வார். "வேணும்னு நெனச்சு மோந்தா இல்லாத்ததும் மணக்கும், ராமசாமி." அதனால்தான் முக்கியமான ஒப்பீடு என்றால் பாட்டில் சீட்டை உரித்துவிட்டு நூல் கட்டுவார். எது எது என்பதை அவர் மண்டைக்குள் மட்டும் வைத்திருப்பார்.

ஒரு நாள் முதலாளி ஒரு விருந்தாளியோடு கூடத்துக்குள் வந்தார். அவர் உறவில் ஓர் இன்ஜினியர், மெக்சிக்கோவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கையில் இரண்டு பாட்டில். ஒன்று டெக்கீலா, தண்ணீர்போல இருந்தது. இன்னொன்று மெஸ்கால். அதன் அடியில் ஒரு புழு கிடந்தது.

முதலாளியின் மைத்துனர் தங்கவேலு, விற்பனையைப் பார்த்துக்கொள்பவர், பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஏனுங் மாமா, கெட்டுப்போன சரக்கைப் போயி இத்தன தூரம் தூக்கிட்டு வந்திருக்கறாரு!"

"அது வேணும்னே போட்டதுங்க," என்றார் இன்ஜினியர்.

"நம்ம கடையில ஈ உளுந்தாலே சட்டையப் புடிக்கறானுங்க. அங்க புழுவப் போட்டு விக்கறானா?"

இன்ஜினியர் விவரம் சொல்லச் சொல்ல, குறுப்பு சார் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. இரண்டுமே கற்றாழையிலிருந்து வருகிறவை. நம் ரயில் தண்டவாள ஓரத்தில் வேலியாக நிற்கிறதே, முள் நுனியோடு ஆள் உயரத்துக்கு, அந்த ஆனைக்கற்றாழையின் உறவுக்காரச் செடிகள். இலையை வெட்டித் தள்ளிவிட்டு, மண்ணை ஒட்டியிருக்கும் குண்டு அடிக்கட்டையை எடுக்கிறார்கள். பார்க்கப் பெரிய அன்னாசிப்பழம்போல இருக்குமாம். அதில் மாவுபோலச் சேர்ந்திருப்பதை வேகவைத்தால் இனிப்பாகும். இனிப்பைப் புளிக்கவைத்துக் காய்ச்சினால் சாராயம். இதுவரை இரண்டுக்கும் ஒரே கதை.

டெக்கீலாவுக்கு நீலம் பாய்ந்த ஒரே ஒரு வகைக் கற்றாழைதான் ஆகும். அதுவும் குறிப்பிட்ட சில வட்டாரத்தில் விளைந்து, அங்கேயே காய்ச்சினால்தான் அந்தப் பேர். கட்டையை அடுப்பறையில் ஆவியில் வேகவைக்கிறார்கள். மெஸ்காலுக்குப் பல வகைக் கற்றாழை ஆகும். அதற்குத் தரையில் குழி வெட்டி, விறகு எரித்து, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் கட்டைகளை அடுக்கி, நாரும் மண்ணும் போட்டு மூடிவிடுகிறார்கள். நாட்கணக்கில் அது உள்ளேயே புழுங்கிச் சுடுகிறது. அந்தப் புகை கட்டைக்குள் போய்விடும். பிறகு அரைத்தாலும் புளித்தாலும் காய்ச்சினாலும் போகாது.

"அப்ப ரெண்டும் வேற வேற சாதி?" என்றார் முதலாளி.

"அப்படியும் சொல்ல முடியாதுங்க. டெக்கீலாவும் ஒரு வகை மெஸ்கால்தான். ஆனா மெஸ்கால் எல்லாம் டெக்கீலா ஆகாது."

தங்கவேலு முழித்தார். குறுப்பு சார்தான் அவர் பக்கம் திரும்பினார். "மறையூர் வெல்லம் வெல்லமாணு. எல்லா வெல்லமும் மறையூர் வெல்லமாகுமோ? அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்."

அன்று என் உள்ளங்கையில் முதலில் டெக்கீலாவைத் தேய்த்தேன். சாராயம் பறந்த பிறகு பச்சை இலையைக் கசக்கிய வாசனை, கொஞ்சம் மிளகு. கை கழுவி, காத்திருந்து, மெஸ்காலைத் தேய்த்தேன். கை சூடானதும் முகத்தருகே கொண்டுபோனேன். சுட்ட பனங்கிழங்கு! சாம்பலில் புதைத்து எடுத்து, தோல் கருகி, உரித்தவுடன் ஆவி வரும் பனங்கிழங்கு. உலகத்தின் அந்தப் பக்கத்தில் யாரோ குழி வெட்டிச் சுட்டது என் கையில் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி மயிலாத்தாள் மோந்து பார்த்துவிட்டு, "எங்கீங்க கெழங்கு? எனக்கில்லாம தின்னுபோட்டு வந்துட்டீங்களா?" என்றாள்.

தண்டவாள ஓரத்தில் இவ்வளவு கற்றாழை சும்மா நிற்கிறதே என்று முதலாளிக்குத் தோன்றியது. செய்து பாருங்கள் என்றார். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்றை அப்போது செய்தோம்.

மரமேறும் ஆறுச்சாமியை ஆலோசனைக்கு அழைத்தோம். தென்னங்கள்ளில் இந்தப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பாளையை எப்போது கட்ட வேண்டும், எப்படித் தட்ட வேண்டும், எவ்வளவு சீவ வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். அவர் கற்றாழையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு முடிவு சொன்னார். "இதுவும் பாளை உடற சாதிதானுங்க. நடுவுல கம்பமாட்ட ஒண்ணு கெளம்பும் பாத்திருப்பீங்க. பாளை வராம பால் வருமுங்களா? கம்பம் நல்லா கெளம்பட்டும். அப்பத்தான் அடியில சத்து ஊறும்."

எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. கள் என்றால் பாளை, பாளை என்றால் கள். பிறந்ததிலிருந்து பார்த்து வந்த கணக்கு அது. குறுப்பு சாரும் தலையாட்டினார். பூக்கம்பம் கிளம்பியது. ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே ஏறியது. மின்கம்பம்போல உயர்ந்து, கிளைவிட்டு, மஞ்சளாகப் பூத்தது. ஆறுச்சாமி பெருமையாக நின்றார். அடிக்கட்டையை வெட்டிப் பார்த்தோம். உள்ளே நெட்டிபோல வெறும் நார். சர்க்கரை முழுவதும் பூவுக்கு ஏறிவிட்டிருந்தது.

தென்னை தன் ஆயுளெல்லாம் பாளை விடும். கற்றாழை வாழ்நாளில் ஒரே தடவைதான் பூக்கும். சேர்த்து வைத்த அத்தனையையும் அந்த ஒரு பூவில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். அதனால் கம்பம் தலைகாட்டியதுமே அறுத்துவிட வேண்டும். அப்போதுதான் மேலே போக வழியில்லாமல் இனிப்பு அடியிலேயே தங்கும். ஆறுச்சாமி செத்த கற்றாழையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவமுங்க. ஒரே பிரசவம்," என்றார்.

அடுத்த முறை சரியாக அறுத்து, சில மாதம் விட்டு, கட்டை எடுத்தோம். பச்சைச் சாறு பட்டால் உடம்பு அரிக்கும் என்று எச்சரித்திருந்தோம். தங்கவேலு ஒரு கட்டையைத் தோளில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். வாரம் முழுக்கச் சட்டை போட முடியாமல் திரிந்தார். பாதிக் கட்டைகளைக் கொதிகலன் ஆவியில் வேகவைத்தோம். மீதியை ஆலைக்குப் பின்னால் குழி வெட்டி, ஆற்றுக்கல் அடுக்கி, கருவேல விறகு போட்டுச் சுட்டோம். மூன்றாம் நாள் மண்ணை விலக்கியபோது வந்த வாசனைக்கு லாரி ஓட்டுநர்கள் சாலையிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்கள். கருகிய ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். வெல்லம், கிழங்கு, புகை.

காய்ச்சி எடுத்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. "சார், நம்ம மெஸ்கால் ரெடி!" என்றேன்.

குறுப்பு சார் கையை உயர்த்தினார். "அந்தப் பேரு வேண்டா. பேரு அந்த ஊர்க்காரன்டெ சொத்து. நம்ம கற்றாழை வேற, மண்ணு வேற. இது குழிச் சாம்பிள். மற்றது ஆவிச் சாம்பிள். அது மதி, போதும்."

அதற்குப் பிறகு யாராவது வாய் தவறி மெஸ்கால் என்றால் வேலையை நிறுத்திவிட்டு, அந்த ஆள் திருத்திச் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். ஆலையில் எல்லாரும் கடைசியில் குழிச் சாம்பிள் என்றே சொல்லப் பழகினோம்.

அந்த நான்கு பாட்டில்கள் இப்படி வந்தவைதான். ஒன்றில் டெக்கீலா. ஒன்றில் புழுவை வடிகட்டிவிட்டு ஊற்றிய மெஸ்கால். ஒன்றில் எங்கள் குழிச் சாம்பிள். நான்காவதில் எங்கள் ஆவிச் சாம்பிள், அதில் மட்டும் குறுப்பு சார் மெத்தனாலைத் தாராளமாகக் கலந்திருந்தார். வார்னிஷில் போடுகிற அந்தச் சாராயம் உள்ளே போனால் கண்ணைப் பறித்துவிடும், உயிரையும் எடுக்கும். கற்றாழைச் சரக்கில் அது இயல்பாகவே சற்றுக் கூடும் என்பதால் நாங்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது. மூக்கால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று எங்களுக்குக் காட்டத்தான் அந்தப் பாட்டிலை வைத்தார். திங்கள்கிழமை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்க்க மட்டும், வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிப் பூட்டினார். பழைய கல்செக்கு ஒன்று மறையூரில் ஒரு வெல்லக் கொட்டகையில் கிடக்கிறது, கட்டையை அரைக்க ஆகுமா பார்க்கிறேன் என்று சனிக்கிழமை விடியற்காலையில் உடுமலை பஸ் ஏறினார்.

இனி அந்த மாலைக்கு வருகிறேன்.

காலி அலமாரியைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினேன். வாயிலில் தங்கவேலு நனைந்த வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அழத் தொடங்கினார். கோயம்புத்தூர் சிநேகிதர்களுக்கு ஃபாரின் சரக்குக் காட்டுவதாகச் சொல்லி வைத்திருந்தாராம். நான்கில் எது ஃபாரின் என்று தெரியவில்லை. அதனால் நான்கையும் கூடையில் போட்டுக்கொண்டு, அணைக்கரைக்கு என் மகன் செல்வராஜைக் கூட்டிப் போயிருக்கிறார்.

"எம்பையன எதுக்குங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"உங்க மூக்கு அவனுக்கும் இருக்கும்னு நெனச்சனுங்க. கெமிஸ்ட் மகனாச்சே, எது ஃபாரின்னு மோந்து சொல்லுடான்னேன். அவனுக்குச் சளி. ஒண்ணும் மணக்கலீங்க்ணா, குடிச்சே பாத்தர்றேன்னு ஒண்ண எடுத்து மடமடன்னு ஊத்திக்கிட்டானுங்க. அப்பறம் ஒரே வாந்தி."

"எந்த நூல் கட்டுன பாட்டில்?"

"நூலா? அதெல்லாம் முன்னாடியே அறுத்துப் போட்டுட்டனுங்க. மந்திரிச்சுக் கட்டுனதுன்னு நெனச்சுட்டேன்."

"பாட்டில் எங்கீங்க?"

தங்கவேலு அணைப் பக்கம் கையைக் காட்டினார். பையன் சுருண்டு விழுந்ததைப் பார்த்த பயத்தில் கூடையோடு நான்கையும் அணைத் தண்ணீரில் வீசியிருந்தார். அப்புறம் வீசியிருக்க வேண்டாமே என்று இறங்கித் தேடவும் பார்த்திருக்கிறார். வேட்டி நனைந்தது அப்படித்தான்.

அப்போதுதான் பயம் வந்தது. என் காதில் லாரிச் சத்தம் நின்றுபோனது நினைவிருக்கிறது. வாளையார்ச் சாலையில் லாரிச் சத்தம் நிற்பதே கிடையாது.

தங்கவேலு பையனைச் சேர்த்திருந்த பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், அங்கே ஒரு டாக்டர் அம்மா இருந்தார். செல்வராஜைக் கட்டிலில் போட்டிருந்தார்கள். இருபது வயது, மீசை அரும்பிய முகம், வெளுத்திருந்தது. "எனக்கு ஒண்ணுமில்லீங்ப்பா, எரிச்சல் மட்டுந்தான்," என்றான். நான் அவன் கண்ணையே பார்த்தேன். என் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். சரியாகச் சொன்னான். மறுபடி கேட்டேன்.

டாக்டர் அம்மா என்னை வெளியே அழைத்தார். "வயித்தைக் கழுவிட்டோம். எல்லாம் முன்னாடியே வாந்தியில போயிருக்கு, உள்ள எவ்வளவு ஏறுச்சுன்னு தெரியல. மெத்தனால் உடனே காட்டாது, நாளைக்குத்தான் காட்டும். அது உடம்புல விஷமா மாறாம இருக்க பிராந்தி கொடுக்கப் போறேன். பிராந்தி கொடுத்தா அறிகுறி இன்னும் தள்ளிப் போகும். அதனால நாளைக்குக் கண்ணு நல்லா இருந்தாலும் தப்பிச்சான்னு என்னால சொல்ல முடியாது. ரத்தத்தைக் கழுவறதுலயும் ஆபத்து உண்டு, குடிச்சது எதுன்னு தெரிஞ்சா மட்டுந்தான் அதுக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பறதா வேண்டாமான்னு முடிவெடுக்கலாம்."

மயிலாத்தாள் செவிலி கையில் இருந்த பிராந்திக் குடுவையைப் பார்த்தாள். "குடிச்சதுக்கு வைத்தியம் குடியாங்க? என்ன ஆலையோ, என்ன படிப்போ," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

கம்பெனி ஜீப்பைக் குறுப்பு சாரை அழைத்து வர அனுப்பினோம். மறையூர் போகும் சின்னாற்றுக் காட்டுப் பாதையில் யானை நடமாட்டம், இருட்டிய பிறகு விட மாட்டார்கள். மறுநாள்தான் வர முடியும்.

எங்களிடம் இருந்தது அவன் சட்டை ஒன்றுதான். மடமடவென்று ஊற்றியதில் மார்பில் சிந்திக் காய்ந்திருந்தது. சாராயமோ மெத்தனாலோ எல்லாம் பறந்திருக்கும், பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது. மிஞ்சினால் புகை மிஞ்சும். நான்கில் இரண்டில் புகை உண்டு, அந்த இரண்டாலும் கண்ணுக்குத் தீங்கில்லை. புகை இல்லாதவை டெக்கீலாவும் விஷமும். டெக்கீலாவுக்கும் மெஸ்காலுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்று கேட்கிறார்கள். அன்று அதுதான் என் மகனின் கண்ணாக இருந்தது.

சட்டையைக் கையில் எடுத்தேன். முழங்கையை மோந்தேன். மார்புப் பகுதியை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, முகத்தருகே கொண்டுபோனேன். புகை மணத்தது. என் உடம்பெல்லாம் லேசானது. உடனே சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் விறகடுப்பு. தென்னமட்டை எரித்துத்தான் வெந்நீர். துணி காய்வதும் அடுப்படிக்குப் பக்கத்துக் கொடியில். எங்கள் வீட்டுச் சட்டை எல்லாவற்றிலும் புகை உண்டு. இது எந்தப் புகை? மறுபடி மோந்தேன். பனங்கிழங்கு மணத்தது. மூன்றாவது தடவை மோந்தபோது வெறும் பையன் வியர்வை. நான்காவது தடவை மறுபடி பனங்கிழங்கு.

"சொல்லுங்க," என்றாள் மயிலாத்தாள். "மணக்குதா, இல்லீங்களா?"

பல வருடம் இந்த மூக்கை நம்பி ஆலை ஓடியிருக்கிறது. இப்போது அதை நானே நம்பவில்லை. புகை இருக்க வேண்டும் என்று என் உடம்பின் ஒவ்வொரு அணுவும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படிக் கேட்கிறவன் மூக்குக்கு எதுவும் மணக்கும்.

"தெரியிலியே, மயிலா," என்றேன்.

அவள் என் கையிலிருந்த சட்டையை வாங்கி மடித்து வைத்தாள். "அப்ப உட்டுருங்க. தேய்ச்சுத் தேய்ச்சு இருக்கறதையும் போக்கடிச்சுப் போடாதீங்க," என்றாள். அதைச் சொன்னது அவள்தான். அவள் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் அந்தத் துணியை மோந்தே தீர்த்திருப்பேன்.

அந்த இரவைப் பற்றி எழுத எதுவுமில்லை. அளந்து அளந்து பிராந்தி கொடுத்தார்கள். செல்வராஜ் போதையில் சிரித்தான், அப்பா உங்க மூஞ்சி ரெண்டாத் தெரியுதுங்க என்றான். அது பிராந்தியா விஷமா என்று டாக்டர் அம்மாவுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஜீப் வந்து நின்றது. குறுப்பு சார் இறங்கினார். வேட்டியெல்லாம் செம்மண். ஜீப் ஓட்டுநர் வழியெல்லாம் சொல்லியிருப்பார்போல, எதுவும் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்ததும் கையை உயர்த்தினார். "நீ ஒண்ணும் பறயண்டா. ஒரு வாக்கு சொன்னாலும் அது என் மூக்கில ஏறும்."

மயிலாத்தாள் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை ஜன்னலோரம் எடுத்துப் போனார். கையைக் கழுவினார், சோப்பு வேண்டாம் என்றார். முழங்கையின் உட்பக்கத்தை மோந்தார். பிறகு, நான் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்தார். சிந்தாத பின்பக்க ஓரத்தை, பேண்ட்டுக்குள் செருகியிருக்கும் அந்த நுனியை, முதலில் எடுத்தார். வாயால் ஊதி லேசாக ஈரமாக்கித் தேய்த்தார். காத்திருந்தார். மோந்தார். அது எங்கள் வீட்டு அடுப்பு. அதைத் தெரிந்துகொண்டார். முழங்கையை மறுபடி மோந்தார். மார்புப் பகுதியை எடுத்தார். ஊதினார். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, அவசரமில்லாமல், ஆலையில் எந்த ஒரு சாதாரணச் சாம்பிளுக்கும் செய்வதுபோலத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் அம்மா வாசலில் நின்றார். தங்கவேலு படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மயிலாத்தாள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். அவள் வெளியில் என்னைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

குறுப்பு சார் முகத்தைத் திருப்பி மறுபடி பின்பக்க ஓரத்தை மோந்தார். மறுபடி மார்பு. பிறகு சட்டையை இறக்கினார். டாக்டர் அம்மாவைப் பார்த்துத்தான் முதலில் பேசினார்.

"புகை உண்டு. அடுப்புப் புகை அல்ல. கிழங்கு சுட்ட கருவேலப் புகை. விஷத்துப் பாட்டிலில புகை இல்லா. நான் கலக்கியதாணு, எனக்குத் தெரியும்."

பிறகு என் பக்கம் வந்தார். சட்டையை நாலாக மடித்து என் கையில் வைத்தார். எங்கள் குழிச் சாம்பிளை மெஸ்கால் என்று சொன்ன ஒருவரையும் அதுவரை அவர் விட்டதில்லை.

"எடோ ராமசாமி," என்றார். "உன் மகன் குடிச்சது மெஸ்கால். நம்ம வாளையார் மெஸ்கால்."